இல்-பிசார் காட்டில் சந்தேகப்படும் வேலை

வனப் பூங்காவில் காவல் வேலை என்றால் மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மரத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கனடாவில், மொன்றியல் நகரத்தின் மேற்குப் பக்கம் பாலத்தைக் கடந்தால் இல்-பிசார் வரும். தனித்தனி வீடுகளும், எப்பவாவது வருகிற பஸ்ஸும் உள்ள அமைதியான தீவு. அதன் நடுவில் ஒரு சின்னக் காடு. மேப்பிள் மரங்கள், சீடர் மரங்கள், ஒரு சதுப்பு நிலம், அந்தச் சதுப்புக்கு மேலே வளைந்து வளைந்து போகிற ஒரு பலகைப் பாதை. அவ்வளவுதான். நகரத்தில் மூச்சு முட்டினவர்கள் எல்லாரும் சனி ஞாயிறில் இங்கேதான் வந்து இறங்குவார்கள். நான் நகரத்துக்குள் இருக்கிற வில்லரேயில் இருந்து வந்து காக்கிச் சட்டையோடு அவர்களுக்கு நடுவில் நடந்து திரிவேன். முந்தி ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் நின்றவள். தக்காளியை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைக் கவனித்த கண் இங்கேயும் உதவுகிறது.

என்னோடு வேலை செய்கிறவர் ரெனே. பெரிய மீசை, பெரிய வயிறு, இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். ஒருவரையும் நம்ப மாட்டார். முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்த பாடம், வாசலில் சிரித்துக்கொண்டு 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்கிறவர்களை முதலில் கவனி என்பதுதான்.

கடை வாசலில் பை சோதிக்கிறவர்கள், பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கிறவர்கள், பஸ்ஸில் ரிக்கெற் கேட்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும். நாள் முழுக்க மனிதர்களைச் சந்தேகித்துவிட்டு வீட்டுக்குப் போக, புருசன் ஆசையாகத் "தேத்தண்ணி போட்டுத் தரட்டோ?" என்று கேட்பார். எனக்கு முதலில் வாயில் வருவது "ஏன்?" என்பதுதான்.

தள்ளுவண்டிக்குள் யார்?

சதுப்பு நிலப் பக்கம் நாய்களுக்கு அனுமதி இல்லை. நிலத்தில் கூடு கட்டுகிற பறவைகள் அங்கே உண்டு. ஒரு மே மாதக் காலையில் ஓர் இளம் பெண் குழந்தைத் தள்ளுவண்டியோடு வந்தாள். நல்ல வெயில். வண்டியோ மேலிருந்து கீழ்வரை போர்வையால் மூடியிருந்தது. உள்ளே இருந்து 'க்ர்ர்' என்று ஒரு சத்தம் வேறு. பிடித்தாயிற்று என்று நினைத்து, போர்வையை விலக்கச் சொன்னேன். உள்ளே மூக்கடைத்துப்போன ஒரு கைக்குழந்தை. வெளிச்சம் பட்டதும் அது வீரிட்டது. தாய் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. ரெனே என்னைக் கூப்பிட்டு, இனிமேல் தள்ளுவண்டி பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்த கிழமை ஒரு வயதான கனவான் அதேபோல மூடின வண்டியோடு வந்தார். பேரன் தூங்குகிறான் என்றார். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் போகிற வழியில் கிடந்த குச்சியைக்கூட எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சதுப்பில் இருந்த வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு எழும்பின. ஓடிப்போய்ப் பார்த்தால் பேரன் கழுத்தளவு சேற்றில் நின்று, வாயில் ஒரு நாணல் தண்டோடு வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். தாத்தா பலகைப் பாதையில் சாய்ந்து நின்று கொஞ்சமும் பதறாமல் சொன்னார்:

"மதாம், அவனுக்கு இப்பதான் நித்திரை கலைஞ்சது."

பை நிறைய இலை

வசந்தகாலத்தில் எங்களுக்குப் பெரிய தலையிடி காட்டுப் பூண்டு. இந்த மாகாணத்தில் அது பாதுகாக்கப்பட்ட செடி. ஆனால் ருசி கண்டவர்கள் கிழங்கோடு கிண்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு நாள் ரெனே வோக்கி-டோக்கியில் கிசுகிசுத்தார். மேப்பிள் பாதையில் இரண்டு பேர் குனிகிறார்கள், பை வைத்திருக்கிறார்கள், போய்ப் பார் என்றார். நான் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். எங்கள் தமிழ் ஆட்கள்தான், வயதான ஒரு சோடி. ஐயா காவலுக்கு நிற்க, அம்மா கைக்கும் பைக்குமாக இலை பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்ததும் ஐயா, "தங்கச்சி, நாங்கள் சும்மா காத்து வாங்க வந்தனாங்கள்" என்றார். காற்று வாங்கிய பையைத் திறக்கச் சொன்னேன். பூண்டு மணம் குப்பென்று வந்தது. ஆனால் இலை வேறு. பூண்டு வாசம் அடிக்கிற ஒரு களை அது. வெளியில் இருந்து வந்து காட்டையே விழுங்குகிற சாதி. தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தால் நல்லாயிருக்கும் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ரெனேயைக் கூப்பிட்டேன். அவர் வந்து பையைப் பார்த்தார். அந்த மீசைக்குக் கீழே சிரிப்பு வந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். அந்தக் களையைப் பிடுங்கிப் பிடுங்கியே அவருடைய முதுகு போயிருந்தது. "தாராளமாக எடுங்கள். அங்கே இன்னும் இருக்கிறது, வாருங்கள், காட்டுகிறேன்" என்று கையைப் பிடிக்காத குறையாக அவர்களை அழைத்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார், ரெனேயைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு பையை அப்படியே நிலத்தில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, ஐயாவின் கையைப் பிடித்து இழுத்தார்:

"இவ்வளவு சந்தோசமாத் தாறாங்கள் எண்டா இதில ஏதோ இருக்கு, வாங்கோ போவம்."

வெறும் கை

ஜனவரியில், முழங்கால் அளவு பனியில், ஓர் ஆள் ஒரு சீடர் மரத்துக்குக் கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றார். போகிறேன், வருகிறேன், அவர் அசையவில்லை. பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறோம். ஒளித்து ஒளித்துப் போடுகிறவர்களுக்கும் குறைவில்லை. கிட்டப் போய் உள்ளங்கையைக் காட்டச் சொன்னேன். வெறும் கை. சென்னையில் இருந்து போன மாதம்தான் வேலைக்கு வந்தவராம். இந்த ஊரில் சிட்டுக்குருவி மாதிரி ஒரு சின்னப் பறவை கையிலேயே வந்து உட்காரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். பலகையை வாசித்துவிட்டுத் தானியத்தைக் காரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி ஒரு குருவி வந்து அவர் விரலில் இறங்கியது. உள்ளங்கையைப் பார்த்தது. அவர் முகத்தைப் பார்த்தது. ஏதோ கத்திவிட்டுப் பறந்தது. குளிரில் சிவந்த மூக்கோடு அவர் என்னிடம் சொன்னார்:

"நாலு குருவி வந்து செக் பண்ணிட்டுத் திட்டிட்டுப் போயிடுச்சு மேடம், நீங்க அஞ்சாவது."

ஊதாப் புகை

மழையே இல்லாத ஒரு ஜூலை. காய்ந்த சருகில் ஒரு பொறி விழுந்தால் போதும் என்ற நிலைமை. தீ மூட்டத் தடை போட்டிருந்தார்கள். அப்படி ஒரு மத்தியானம் சீடர் மரங்களுக்கு மேலே புகை எழும்பியது. அதுவும் ஊதா நிறத்தில். தண்ணீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மரங்களுக்கு இடையில் உள்ள வெட்டையில் ஒரு பட்டாளமே நின்றது. நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, பட்டுச் சேலையும் கிரீடமும் முகம் நிறைய மாவுமாக. கமராக்காரர், கமராக்காரரின் உதவிக்கு இரண்டு பேர், தலைக்கு மேலே இரைந்துகொண்டு ஒரு ட்ரோன், குடையோடு தாய். பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்குக்குப் படம் எடுக்கிறார்களாம். கமராக்காரர் புகைக் குப்பியைக் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, "அது பனிப்புகார், அக்கா" என்றார். ஜூலை மாத மத்தியானத்தில், ஊதா நிறத்தில்.

குப்பி கிடந்த இடத்தில் சருகு ஏற்கெனவே கருகத் தொடங்கியிருந்தது. தண்ணீரை ஊற்றி மிதித்து அணைத்தேன். பின்னால் காய்ந்த மரங்கள், அதற்குப் பின்னால் வீடுகள். குப்பிகளைப் பறித்தேன். எல்லாரும் வெளியேற வேண்டும் என்றேன். தாய்க்கு வந்ததே கோபம். "நீங்களும் தமிழ்தானே? வெள்ளைக்காரர் செய்தா விட்டிருப்பியள். பிள்ளையின்ர நல்ல நாளில இப்பிடியோ?" என்று தொடங்கி, என்னுடைய ஊரையும் ஆட்களையும் விசாரித்தார். நான் பறித்த குப்பிகளை எண்ணிப் பைக்குள் போட்டேன். சாமான்களைக் கட்டிக்கொண்டு போகிற வழியில் அந்தப் பிள்ளை சேலையைத் தூக்கிப் பிடித்தபடி என் பக்கத்தில் வந்து, தாய்க்குக் கேட்காமல் மெல்லக் கெஞ்சியது:

"அன்ரி, சில் வூ ப்ளே, அந்த ட்ரோனையும் பறிச்சிடுங்கோ."

என் மேல் ஒரு முறைப்பாடு

லீவு நாளிலும் அங்கேதான் போவேன் என்றால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். மகள் ஆமைக்கூடு பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கார் நிறுத்துகிற இடத்தின் ஓரத்தில், சரளைக்கல்லுக்குள், ஒரு பெரிய ஆமை முட்டை இட்டிருந்தது. முட்டை தின்ன றக்கூன் வந்து கிண்டிவிட்டதோ என்று நான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜீன்ஸும் பழைய சட்டையும்தான் உடுப்பு. ஓடிக்கொண்டு வந்த ஒரு பெண்மணி நின்றார். கொஞ்சத் தூரம் போனார், திரும்பி வந்தார். போனை எடுத்து என்னைப் படம் பிடித்தார். பிறகு காவலுக்கு அறிவித்துவிட்டேன், இருந்த இடத்திலேயே இரு என்றார். நான்தான் காவல் என்று பிரெஞ்சில் சொன்னேன். அடையாள அட்டையைக் கேட்டார். அது வீட்டில், காக்கிச் சட்டைப் பையில் இருந்தது.

மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வெட்கமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் இருந்தது. நாள் முழுக்க மற்றவர்களை இப்படித்தானே நிறுத்தி வைக்கிறேன் என்று ஒரு பக்கம். நான் ஒருவரையும் இந்தக் கண்ணால் பார்த்ததில்லையே என்று இன்னொரு பக்கம். ரெனே வந்தார். என்னைக் கண்டதும் மூச்சுத் திணறச் சிரித்தார். அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, இவர் என்னோடு வேலை செய்கிறவர், இந்த ஆமைக்கூட்டைக் கண்டுபிடித்ததும் இவர்தான் என்று விறைப்பாகச் சொன்னார். மன்னிப்பு ஒன்று வரும் என்று நான் காத்திருந்தேன். அந்தப் பெண்மணி தன் சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டினார், நிமிர்ந்தார், என்னிடம் சொன்னார்:

"சரி, ஆனால் இனிமேல் லீவு நாளிலும் சீருடை போட்டுக்கொண்டு வருவது நல்லது."

பின்னால் வந்த காலடி

ரெஜினா அக்காவை எல்லாரும் கவனிப்பார்கள். ஐம்பது தாண்டியவர். திருகோணமலை. நீரிழிவு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. வெள்ளைத் தடியைப் பிடித்துத் தனியே நடக்கப் பழகியபின், கிழமைக்கு ஒரு தரம் பஸ் எடுத்து எங்கள் பலகைப் பாதைக்கு வருவார். கார் இல்லை, சைக்கிள் இல்லை, இரண்டு பக்கமும் விளிம்புக் கட்டை உண்டு, தடி தட்டிச் சொல்லும். முதல் நாள் வாசலில் நான் பிரெஞ்சில் பஸ் நேரம் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் யாழ்ப்பாணமோ? உங்கட பிரெஞ்சிலயே தெரியுது" என்று சிரித்தவர் அவர்.

இலை உதிர்கிற காலத்தில் ஒரு நாள், என் கையைத் தேடிப் பிடித்தார்.

"தங்கச்சி, எனக்குப் பின்னால ஒரு ஆள் வாறான்."

"இண்டைக்கோ?"

"ஒவ்வொரு முறையும். நான் நிண்டா நிக்கிறான். நடந்தா நடக்கிறான். பொன்ஜூர் சொல்லிப் பாத்தன், பதில் இல்லை. கண் தெரியாதவளுக்கு மனப்பிரமை எண்டு நினைக்காதேங்கோ. சருகு மிதிபடுற சத்தம் எனக்கு வடிவாக் கேக்குது."

"வீட்டில சொன்னீங்களோ, அக்கா?"

"அந்தோனிக்குச் சொன்னா அதோட என்னை வெளியில விடமாட்டார். அவரோட எவ்வளவு சண்டை பிடிச்சுத் தனிய வாறன் தெரியுமோ? நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. பிடிபட்டா போலீசுக்குக் குடுங்கோ."

பார்வை இல்லாத ஒரு பெண், ஆள் நடமாட்டம் குறைந்த சதுப்பு, பின்னால் பேசாமல் வருகிற ஓர் ஆண். எத்தனையோ செய்தி வாசிக்கிறோம். ரெனேயிடம் சொன்னேன். அவர் மீசையைக் கடித்துக்கொண்டு, அடுத்த முறை தான் கார் நிறுத்துமிடத்தில் நிற்பதாகவும் நான் பறவை பார்க்கிற மரக்கூண்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் திட்டம் போட்டார்.

அந்த நாளும் வந்தது. கூண்டுப் பலகைகளின் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தடியின் டக் டக். பிறகு ரெஜினா அக்கா, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, வாய் எதையோ முணுமுணுக்க. அவருக்குக் கொஞ்சம் பின்னால், தொப்பியை இழுத்துவிட்ட ஓர் உயரமான மனிதர். அக்கா நின்றதும் இவரும் நின்றார், தூக்கின காலைக் கீழே வைக்காமலே. அக்கா வளைவைத் தாண்டும்வரை விட்டு, பாதைக்குக் குறுக்கே பாய்ந்து நின்று வோக்கி-டோக்கியில் ரெனேயைக் கூப்பிட்டேன்.

அந்த மனிதர் ஓடவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதேங்கோ தங்கச்சி. அவ என்ர மனுசி."

நான் நம்பவில்லை. "ஆதாரம் காட்டுங்கோ" என்றேன். போனைத் திறந்து காட்டினார். ஒரு பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ரெஜினா அக்காவும் அவரும். அந்தோனி. பேக்கரியில் இரவு வேலை. காலையில் வந்து படுப்பதாகச் சொல்லிவிட்டு, மனுசி பஸ் ஏறியதும் காரில் பின்னால் வருவாராம்.

"நான் வந்தா அவவுக்குக் கோவம். வராட்டி எனக்குக் கண் மூடேலாது. இந்தத் தண்ணிக்குள்ள விழுந்திட்டா? நான் ஒண்டும் செய்யேல்ல, பின்னால நடக்கிறன், அவ்வளவுதான்."

"அண்ணை, உங்கட காலடிச் சத்தம் அவவுக்குக் கேக்குது. ஆரோ கெட்டவன் பின்னால வாறான் எண்டு பயந்து பயந்து நடக்கிறா. போலீசுக்குக் குடுக்கச் சொன்னவ."

அந்த மனிதர் அப்படியே பலகையில் குந்திவிட்டார். "எனக்கோ பயந்தவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இதற்குள் ரெனேயும் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். நான் தமிழில் நடந்ததைப் பிரெஞ்சில் இரண்டு வசனத்தில் சொன்னதும், அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்களே இப்ப போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்" என்றேன்.

சொல்லத் தேவைப்படவில்லை. தடியின் சத்தம் எங்களை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது. "ஆர் அங்க? தங்கச்சி, நீங்களோ?"

"ரெஜி, நான்தான்" என்றார் அந்தோனி அண்ணை.

தடி பாதி உயரத்தில் நின்றது. அக்கா கிட்ட வந்து, அவருடைய ஜாக்கெட்டைத் தொட்டார், கழுத்துப் பட்டியைத் தொட்டார், முகத்தைத் தொட்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"எப்ப துவக்கம்?"

"முதல் நாளில இருந்து."

"உங்களிட்ட இருந்து என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் ஒவ்வொரு முறையும் மாதாவைக் கெஞ்சிக்கொண்டு நடந்திருக்கிறன்."

அண்ணையின் தோள் குலுங்கியது. அக்கா அவரைத் தேற்றவில்லை. திரும்பி, தடியைத் தட்டிக்கொண்டு, தனியாகவே பஸ் தரிப்பிடத்துக்குப் போனார். பஸ் வந்து அக்கா ஏறும்வரை அண்ணை காருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை அக்கா வரவில்லை. இனி வரமாட்டார், என் துப்பறியும் வேலை ஒரு மனுசியின் நடையையே நிறுத்திவிட்டது என்று நான் மனம் வெந்துகொண்டிருந்தேன். அதற்கு அடுத்த கிழமை அவர்களுடைய கார் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாக. புது ஒப்பந்தமாம்: அண்ணை கொண்டுவந்து இறக்குவார், காருக்குள்ளேயே இருப்பார், அக்கா தனியே நடந்துவிட்டு வருவார். இறங்கிய அக்கா ஜாக்கெட்டின் சிப்பை இழுத்துவிட்டு, தடியைச் சரிசெய்துகொண்டு, பலகைப் பாதையில் கால் வைக்கும் முன் என் காதருகே குனிந்தார்:

"தங்கச்சி, அந்தாள் காருக்குள்ளதான் இருக்கிறாரோ எண்டு ஒருக்கா எட்டிப் பாத்துச் சொல்லுங்கோ."

இத்தனை காலம் இந்தக் காட்டைக் காவல் காத்ததில், என்ன நோக்கத்தோடு வருகிறேன் என்று முன்கூட்டியே காதுக்குள் 'ஙொய்' என்று சொல்லிவிட்டுக் கடிக்க வருகிற ஒரே உயிர் இந்தச் சதுப்பு நுளம்புதான் என்று கண்டுகொண்டேன்.